நாவற்பழக் கறை

கேளுங்கள். சின்னவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், பெரியவர்கள் பேச்சை நிறுத்துங்கள். இது கோபத்தோடு சொல்ல வேண்டிய கதை. சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு வராது.

மழை தன் மாதம் தவறாமல் பெய்துகொண்டிருந்த காலத்தில், ஒரு மலையடிவாரத்தில் நாவற்குறிச்சி என்று ஒரு நாடு இருந்தது. இந்த எல்லையில் சேவல் கூவினால் அந்த எல்லையில் கேட்கும், அவ்வளவு பெரிய நாடு! அதற்கும் ஒரு ராஜா இருந்தான். பெயர் விறல்மாறன்.

அந்த நாட்டுக்கு வாழ்வு ஒரு நாவல் தோப்பு. பழத்தைத் தின்றார்கள், காயவைத்து வற்றல் போட்டார்கள், கொட்டையை இடித்து மருந்து செய்தார்கள். உப்புக்கும் துணிக்கும் பழத்தைத்தான் கொடுத்து மாற்றினார்கள். தோப்பு பழுத்தால் ஊருக்குச் சோறு, தோப்பு பொய்த்தால் ஊர் பட்டினி.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஆடி மாத முதல் வெள்ளிக்கிழமை, முதல் பழத்தை அம்மனுக்குப் படைக்க வேண்டும். படைத்ததை ராஜா தின்ன வேண்டும். ராஜா தின்ற பிறகுதான் மற்றவர்கள் ஒரு பழத்தையாவது தொடலாம். அம்மன் கேட்டாளா இதை? அம்மன் வாயைத் திறக்கவே இல்லை. ராஜாவின் பாட்டனார் யாரோ அவள் பெயரைச் சொல்லி வைத்த வழக்கம்.

நாவற்பழம் தின்றவன் அதை மறைக்க முடியாது, நாக்கு காட்டிக் கொடுத்துவிடும். அதனால் பழம் கறுக்கத் தொடங்கியதும் கோட்டை வாசலில் நாக்குக் காவலர்கள் வந்து நிற்பார்கள். "நாக்க நீட்டு!" என்பார்கள். உழுதுவிட்டு வருகிறவன் நீட்ட வேண்டும், விறகு சுமந்து வருகிறவள் நீட்ட வேண்டும், பால் மறந்த குழந்தையும் நீட்ட வேண்டும். நாக்கில் ஊதா தெரிந்தால் கன்னத்தில் சூடு. காவலர் தலைவன் சங்கிலி, தன் சொந்த மகளின் கன்னத்திலேயே சூடு போட வேண்டி வந்தது. பசி தாங்காமல் கீழே கிடந்த ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டிருந்தாள் அந்தப் பிள்ளை. அன்று முதல் சங்கிலி வீட்டில் யாரோடும் பேசுவதில்லை.

எல்லோர் நாக்கையும் பார்த்த அந்த நாட்டில், ராஜாவின் நாக்கை மட்டும் யாரும் பார்த்ததில்லை.

இப்படி இருக்கையில் விறல்மாறனுக்கு ஏழு நிலை மாடம் கட்டும் ஆசை வந்தது. மாடத்துக்குச் செங்கல் வேண்டும், செங்கலுக்குச் சூளை வேண்டும், சூளைக்கு விறகு வேண்டும். மலைக்காட்டை வெட்டினான். தலை மொட்டையானது போல மலை மொட்டையானது. சூளை இரவும் பகலும் எரிந்தது. முதல் வருஷம் மேகம் வந்தது, நின்றது, பெய்யாமல் போனது. இரண்டாம் வருஷம் காலம் தப்பி வந்து, வந்த வேகத்தில் போனது. மூன்றாம் வருஷம் மேகம் எட்டிப் பார்த்ததோடு சரி.

அந்த வறட்சியிலும் தோப்பு காய்த்தது. குறைவாகத்தான், ஆனால் காய்த்தது. எப்படி என்று கேட்க மாட்டீர்களா? நானே சொல்கிறேன். அந்த மரங்கள் தனியாக நிற்கவில்லை.

மண்ணுக்குள்ளே வேரைச் சுற்றி வெள்ளை நூல் நூலாய் ஒரு பூஞ்சணம் ஓடிக்கொண்டிருந்தது. வேரால் நுழைய முடியாத இடுக்கில் அது நுழையும், அங்கே ஒளிந்திருக்கும் ஈரத்தைத் தேடிக் கொண்டுவந்து மரத்துக்கு ஊட்டும். மரம் தன் இலையில் ஆக்கிய இனிப்பில் ஒரு பங்கை அதற்குக் கொடுக்கும். மேலே தேனீ. பூவுக்குப் பூ மகரந்தத்தைச் சுமந்து போகும், அதனால் பூ காயாகும். மரம் அதற்குத் தேன் கொடுக்கும். கீழே ஒரு கூட்டாளி, மேலே ஒரு கூட்டாளி, நடுவில் மரம். மழை நிறைந்த காலத்தில் கூட்டாளி இல்லாமலும் ஓட்டிவிடலாம். மழை பொய்த்த காலத்தில்தான் கூட்டாளி வேண்டும். அந்தக் காலம் பார்த்துத்தான் இந்தப் பாவிகள் வேலையைக் காட்டினார்கள்!

பழக்கூடை குறைந்ததும் ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மந்திரி தீத்தாரப்பரைக் கூப்பிட்டான்.

"பழம் ஏன் குறைந்தது?"

தீத்தாரப்பர் சாளரத்தின் வழியே பார்த்தார். மொட்டை மலை தெரிந்தது. சூளைப் புகை தெரிந்தது. அவருக்குக் கண் நன்றாகவே தெரியும். ஆனாலும் என்ன சொன்னார் தெரியுமா?

"தோப்பில் திருடன் புகுந்திருக்கிறான், மகாராஜா."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ராஜா அதை நம்பினான். நம்புவது அவனுக்கு வசதியாக இருந்தது. உடனே ஒரு சட்டம் போட்டான், கல்லில் வெட்டித் தோப்பு வாசலில் நட்டான். "கொடுக்காமல் எடுப்பவன் திருடன். திருடனுக்கு இந்த நாட்டில் இடமில்லை." சட்டம் நல்ல சட்டம்தான். அதில் எனக்குக் குறை இல்லை. அதைக் கையில் வைத்திருந்தவனைத்தான் நான் சொல்கிறேன்.

முதலில் மாட்டியது தேனீ. அரண்மனை ஆட்கள் மரத்தடியில் நின்று பார்த்தார்கள். "வெறுங்கையோட வருது, வயிறு ரொம்பிப் போவுது. இதுதான் திருடன்!" என்றார்கள். தீப்பந்தம் கட்டிக் கூடுகளை எல்லாம் கொளுத்தினார்கள். எரிந்த அடையிலிருந்து சொட்டிய தேனை அந்த ஆட்களே வழித்து நக்கினார்கள். அதைத் திருட்டு என்று யாரும் சொல்லவில்லை.

பங்குனியில் மரம் பூத்தது. சித்திரையில் பூவெல்லாம் உதிர்ந்தது. தோப்பு முழுக்கத் தேடியும் படையலுக்கு ஒரு தட்டுப் பழம்தான் தேறியது.

"திருடன் இன்னும் இருக்கிறான்," என்றார் தீத்தாரப்பர்.

இரண்டாவதாக மாட்டியது பூஞ்சணம். மரத்தடியைத் தோண்டினார்கள். வேரோடு வேராய் வெள்ளை நூல் பின்னிக் கிடந்தது. "பார்த்தீர்களா, கட்டிப் பிடித்து உறிஞ்சுகிறது!" என்று கத்தினார் மந்திரி. சுண்ணாம்பைக் கரைத்துக் கொதிக்கக் கொதிக்க வேரில் ஊற்றச் சொன்னார். வேரில் வெந்நீர் ஊற்றுவது என்று நாம் பேச்சுக்குச் சொல்வோம். இவர்கள் நிஜமாகவே ஊற்றினார்கள்.

தோப்பைக் காவல் காத்தவன் கொம்பையா. அவன் மனைவி சடைச்சி. மற்றவர்களோடு அவர்களும்தான் குடம் தூக்கினார்கள். கொம்பையா மட்டும் ஒரு வார்த்தை கேட்டான்.

"சாமி, மரத்துக்கு ஏதும் ஆயிராதா?"

"திருடனுக்கு என்னடா பரிந்து பேசுகிறாய்?" என்றார் தீத்தாரப்பர்.

கொம்பையா வாயை மூடிக்கொண்டான். சடைச்சி வாய்க்காரி. எதிரில் நிற்பது யார் என்று பார்க்காமல் பேசுகிறவள். அன்றைக்கு அவளும் பேசவில்லை. ராஜாவின் ஆள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாள். ஊர் முழுக்க அப்படித்தான் நினைத்தது.

நாட்டில் இருந்த எல்லா நாவல் மரத்துக்கும் இதே உத்தரவு: கூட்டைக் கொளுத்தி, வேரில் சுண்ணாம்பு ஊற்ற வேண்டும். ஒரே ஒரு மரம் மட்டும் எல்லைப்புறச் சுடுகாட்டில் நின்றது. அரண்மனை ஆட்கள் அங்கேயும் போனார்கள். ஆனால் சுடுகாட்டுக்குள் கால் வைத்தவன் அந்த மாதம் முழுக்க அரண்மனைப் படி ஏறக்கூடாது, தீட்டு. படி ஏறாவிட்டால் அரண்மனைச் சாப்பாடு போய்விடுமே! சுண்ணாம்புத் தண்ணீரை வழியில் பள்ளத்தில் கொட்டினார்கள், தீப்பந்தத்தை அணைத்தார்கள், "அங்கேயும் முடிச்சாச்சு, மகாராஜா" என்று திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். அவர்கள் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியம், அந்தச் சோம்பேறித்தனம்தான்.

மாசியில் தோப்பு இலை உதிர்த்தது. பங்குனியில் பூக்கவில்லை. சித்திரையில் பட்டை வெடித்தது. கிளையை ஒடித்தால் அடுப்பு விறகு போல ஒடிந்தது.

"தேனீ போனது, பூஞ்சணம் போனது, இன்னும் யார் மிச்சம்?" என்றான் ராஜா.

மிச்சம் இருந்தவன் கொம்பையா. பிடித்து இழுத்துவந்து நாக்கைப் பார்த்தார்கள். நாக்கில் கறை இல்லை. "தின்றுவிட்டுத் துடைத்திருப்பான்," என்றார் தீத்தாரப்பர். தோப்பிலேயே பழம் இல்லை, இவன் எதைத் தின்றான் என்று கேட்க ஒரு ஆள் இல்லை அந்தச் சபையில்! தீர்ப்பு வந்தது. ஆடி முதல் வெள்ளிக்குள் படையலுக்குப் பழம் வராவிட்டால் கொம்பையாவின் இரண்டு கையையும் வெட்ட வேண்டும். அதுவரை சிறை.

சடைச்சி சிறைக்குப் போய்ப் பார்த்தாள்.

"பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஒங்க அம்மா ஊருக்குப் போயிரு, சடைச்சி. இங்க இருந்து இதப் பாக்காத," என்றான் கொம்பையா.

"ஒம்ம கை ஒம்மகிட்டதான் இருக்கும். சும்மா கெடயும்," என்றாள் சடைச்சி. சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்கே தெரியாது.

மலையில் தேடினாள், வெட்டிய அடிக்கட்டைதான் இருந்தது. ஆற்றங்கரையில் தேடினாள், சுண்ணாம்பு பூத்த மண்தான் இருந்தது. வீட்டுக்கொல்லை ஒன்று விடாமல் தேடினாள், காய்ந்த குச்சிதான் இருந்தது. கடைசியில் கால் ஓய்ந்து தோப்பு வாசலில் சட்டக்கல்லின் அடியில் உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்த்தால், கல்லின் மேல் பறவை எச்சம். ஊதா எச்சம்!

நாவற்பழம் தின்ற பறவையின் எச்சம் அது. மனுஷர் நாக்கைப் பார்த்த காவலர்கள் மைனாவின் நாக்கைப் பார்க்க மறந்துவிட்டார்கள். சடைச்சி காத்திருந்தாள். கல்லின் மேல் ஒரு மைனா வந்து உட்கார்ந்து எழுந்து பறந்தது. அது போன திசையில் இவளும் ஓடினாள். அது சுடுகாட்டில் போய் இறங்கியது.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. சடைச்சி எல்லையில் ஒரு கணம் நின்றாள். "செத்தவுக என்னய என்ன செஞ்சிருவாக? உசுரோட இருக்கிறவன்தான என் குடியக் கெடுத்தான்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

மரம் கறுகறுவென்று பழுத்து நின்றது. ஊரே காய்ந்து கிடக்க, அது மட்டும் பச்சை. கிளையில் பெரிய தேன்கூடு தொங்கியது. தோப்பிலிருந்து தப்பி வந்த தேனீக்கள் எல்லாம் அங்கேதான் குடியேறியிருந்தன. பக்கத்து ஓடையில் கரை இடிந்து வேர் வெளியே தெரிந்தது. வேர் முழுக்க அந்த வெள்ளை நூல். சடைச்சி விரலால் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.

அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டையும் விரட்டிய தோப்பு செத்தது, இரண்டையும் விரட்டாத மரம் பிழைத்தது. கண் இருந்தால் போதும். "இந்தக் கையாலதான ஊத்துனேன், பாவி, இந்தக் கையாலதான ஊத்துனேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடை நிறையப் பழம் பறித்தாள். அன்று காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை. அப்படியும் ஒரு பழத்தை வாயில் போடவில்லை.

ஆடி முதல் வெள்ளி. கோட்டை வாசலில் சங்கிலி "நாக்க நீட்டு" என்றான். சடைச்சி நீட்டினாள். வெளுத்த நாக்கு. கூடையைப் பார்த்துச் சங்கிலி அசந்துபோய் வழி விட்டான்.

கோவில் முற்றத்தில் ஊர் கூடியிருந்தது. கொம்பையாவைக் கைகளை நீட்டிக் கட்டி உட்காரவைத்திருந்தார்கள், பக்கத்தில் வெட்டுக்கட்டை. சடைச்சி கூடையை இறக்கினாள். அம்மனுக்குப் படைத்தார்கள். ராஜா ஒரு பழம் தின்றான், இரண்டு தின்றான், பிறகு கையால் அள்ளித் தின்றான். சாறு தாடியில் வழிந்தது.

சடைச்சி புருஷனின் கட்டை அவிழ்க்கப் போனாள். அப்போது தீத்தாரப்பர் எழுந்தார்.

"பார்த்தீர்களா, மகாராஜா! கையை வெட்டுவோம் என்றதும் ஒளித்து வைத்த பழம் வெளியே வந்துவிட்டது. இவன்தான் திருடன் என்பது இப்போது உறுதியாகிவிட்டது. வெட்ட வேண்டியதுதான்."

கேட்டீர்களா நியாயத்தை? பழம் வராவிட்டாலும் கை போகும், பழம் வந்தாலும் கை போகும். இதைச் சொல்லும்போதே எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு வருகிறது.

ராஜா தலையாட்டினான். வெட்டுகிறவன் அரிவாளை எடுத்தான். சடைச்சி வெட்டுக்கட்டையின் மேல் ஏறி நின்றுகொண்டாள்.

"இது தோப்புப் பழம் இல்ல, ராசா. ஒங்க ஆளுக கால் வைக்கப் பயந்த சுடுகாட்டுப் பழம்!"

ராஜா தூ தூவென்று துப்பினான். துப்பினால் உள்ளே போனது திரும்பி வருமா?

"அங்க தேனீயக் கொளுத்தல, பூஞ்சணத்த வேக வைக்கல. அதான் மரம் உசுரோட நிக்கிது," என்றாள் சடைச்சி. "ஒங்க சட்டத்த ஒங்க கல்லுல எழுதியிருக்கு, இந்த ஊருல எல்லாருக்கும் மனப்பாடம். கொடுக்காம எடுக்கிறவன் திருடன். தேனீ தேன் எடுத்துச்சு, காய் கொடுத்துச்சு. பூஞ்சணம் இனிப்பு எடுத்துச்சு, தண்ணி கொடுத்துச்சு. என் புருஷன் கூலி எடுத்தாரு, முதுகொடிய ஒழச்சாரு. மலைய எடுத்தீக, மழைய எடுத்தீக, பழத்தையும் எடுத்தீக. நீங்க என்ன கொடுத்தீக, ராசா? அத மட்டும் சொல்லுங்க."

விறல்மாறன் யோசித்தான். "இவளை வெட்டு" என்று சொல்ல வாயெடுத்தவன், சட்டென்று வாயை மூடிக்கொண்டான். ஏன் தெரியுமா? முன்வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருஷம் வருஷமாக நாக்கை நீட்டி நீட்டிப் பழகிய ஜனம், இப்போது ஒரு நாக்கைப் பார்க்கக் காத்திருந்தது.

வாயைத் திறந்தால்தான் உத்தரவு போட முடியும். வாயைத் திறந்தால் நாக்கு தெரியும். முகம் சிவந்தது, கன்னம் உப்பியது, கையை ஆட்டி ஆட்டி ஜாடை காட்டினான். வெட்டுகிறவனுக்கு ஜாடை புரியவில்லை. புரியாதது போல நின்றான் என்றும் சிலர் சொல்வார்கள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சங்கிலி வந்தான். மகளின் கன்னத்தில் சூடு போட்ட நாளிலிருந்து அவன் தொண்டைக்குள் கிடந்தது எல்லாம் ஒரே குரலாக வந்தது.

"நாக்க நீட்டு!"

"யாரிடம் பேசுகிறாய் நீ, நாயே!" என்று ராஜா கத்திவிட்டான். தவளை தன் வாயால் கெட்டது. அகலத் திறந்த வாய்க்குள்ளே, அந்த நாடு முழுவதிலும் இருந்த ஒரே ஊதா நாக்கை ஊரே பார்த்தது.

கொடுக்காமல் எடுத்த திருடன் யார் என்று ஊருக்குத் தெரிந்துபோனது. பிறகு யாரும் அவனை அடிக்கவில்லை. அவன் சட்டத்தில் அடிக்கச் சொல்லவில்லை, இடமில்லை என்றுதான் சொல்லியிருந்தது. சூளைப் புகை படிந்த வடக்கு வாசலைத் திறந்து வெளியே விட்டு, கதவைச் சாத்தினார்கள். எங்கே போனான் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை. தீத்தாரப்பர் அங்கேயே சடைச்சியின் பக்கம் திரும்பி, "அம்மா, தங்கள் அறிவே அறிவு!" என்று தொடங்கினார். சடைச்சி அவர் கையில் ஒரு குடத்தைக் கொடுத்தாள். "பேச்ச விடும், தண்ணி தூக்கும்," என்றாள்.

சூளையை அணைத்தார்கள். அவிழ்த்துவிட்ட இரண்டு கையாலும் கொம்பையா சுடுகாட்டு மரத்தடியிலிருந்து மண் வெட்டினான். வெள்ளை நூல் அறுபடாமல் கூடையில் ஏந்தி, தோப்பில் புதிதாய் வெட்டிய ஒவ்வொரு குழியிலும் சடைச்சி அந்த மண்ணைப் போட்டாள். அதன் மேல்தான் கன்று வைத்தார்கள். தேனீயை யாரும் தொடக்கூடாது என்றார்கள். அரண்மனையில் சாப்பிட்டவர்கள் எல்லாம் சுடுகாட்டுக்குள் கால் வைத்து மண் சுமந்தார்கள்.

உடனே மழை கொட்டியது, தோப்பு பழுத்தது, எல்லோரும் சுகமாக இருந்தார்கள் என்று நான் சொல்வேன் என்று பார்க்கிறீர்களா? சொல்ல மாட்டேன். செத்த மரம் செத்ததுதான். நட்ட கன்றுகளில் பாதிக்கு மேல் பட்டுப்போயின. ஊரில் பாதிப்பேர் பசிக்குப் பயந்து வேறு நாட்டுக்குப் போனார்கள், போனவர்களில் பலர் திரும்பவில்லை. ஒரு முட்டாள் ஒரு நாளில் ஊற்றிய சுண்ணாம்பை மண் மறப்பதற்கு ஒரு தலைமுறை ஆனது. புதுத் தோப்பு முதன்முதலாகக் காய்த்தபோது சடைச்சிக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. கொம்பையாதான் பழத்தைப் பறித்து அவள் கையில் வைத்தான். அவள் அதைத் தின்னாமல் சங்கிலியின் மகளுக்குக் கொடுத்தனுப்பினாள். கன்னத்தில் தழும்போடு இருந்த அந்தப் பெண் அதை ஊர் நடுவில் நின்று தின்று, நாக்கை நீட்டிக் காட்டினாள்.

சட்டக்கல் இன்னும் அங்கேதான் நிற்கிறது, மைனா இன்னும் அதன் மேல் எச்சமிடுகிறது. இந்தக் கதையின் நீதி இதுதான்: பிறர் எடுப்பதை மட்டும் எண்ணி அவர்களைத் திருடன் என்று விரட்டுகிறவன், தான் கொடுப்பது என்ன என்று ஒரு நாளாவது தன்னைக் கேட்டுக்கொள்ளாவிட்டால், தன் சோற்றையும் ஊரின் சோற்றையும் சேர்த்தே விரட்டிவிடுவான்.